ஒரு லயனை மட்டும் இடிக்காமல் வைத்திருப்போம்

அன்புள்ள உறவுகளே, வணக்கம்.

இலங்கையின் மாத்தளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில் பத்துக் காம்பரா லயன் ஒன்று, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பத்து அறை வரிசை வீடு, காலியாக நிற்கிறது. அதில் இருந்தவர்கள் ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். மற்ற லயன்களில் இருப்பவர்களுக்கும் அப்படி வீடு கிடைக்க வேண்டும், அதில் எங்களுக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் இந்த ஒரு லயனை மட்டும் இடிக்க விடாமல் வைத்துக்கொள்ளப் போகிறோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மூன்று தலைமுறை ஒன்றாகப் படுத்து எழுந்தது என்று வாயால் சொன்னால் நாளைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். உள்ளே கூட்டிப்போய் நிறுத்த வேண்டும்.

நம் முன்னோர் வந்த கதையை அந்தக் காம்பராக்களில் சிற்பங்களாக வைக்கிறோம். பாதி வேலை முடிந்துவிட்டது. மீதிக்குத்தான் உங்கள் கதவைத் தட்டுகிறோம்.

முதல் நான்கு காம்பராவும் நடைப்பயணம். 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியதிலிருந்து கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் திரட்டினார்கள். தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாகக் காட்டுக்குள்ளால் மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயரும் இல்லை. அவர்களைத்தான் முதலில் நிறுத்தியிருக்கிறோம். மறுநடவுக்காகப் பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைத் தூர்கள்தான் அவர்களுடைய உடம்பு. ஒரு தூரைத் தலைகீழாக நிறுத்தியதும் வேர்க்கொத்து தலைச்சுமை போலவே அமைந்துவிட்டது. சிற்பி அதில் உளியே வைக்கவில்லை. இடுப்பருகே பிரிந்திருந்த ஒரு கிளையை மட்டும் மழித்தார், இடுப்பில் இருக்கும் பிள்ளையின் கால் தெரிந்தது. அன்று பார்க்க வந்த ஒரு பாட்டி அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். தேயிலைத் தூருக்கு அடியில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொல்லி அழைத்துவந்தார்களாம். அந்தத் தூரிலேயே அவர்களுக்கு உருவம் கொடுக்க வேண்டும் என்று சொன்னதும் அந்தப் பாட்டிதான்.

அடுத்த காம்பராக்கள் இங்கேயே தங்கிப்போன காலம். கோப்பிக்கு ஆள் பருவத்துக்கு வந்து திரும்பிப் போகலாம். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டு, அப்புறம் எங்கும் தேயிலை வந்தபோது, கொழுந்து ஆண்டு முழுக்க எடுக்க வேண்டியிருந்தது. அதனால்தான் லயன் நிரந்தர வீடானது. இங்கே கொழுந்துக்கூடை, இடுப்பில் கட்டும் படங்கு, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி எல்லாம் வீடுகளிலிருந்து வந்து சேர்ந்துவிட்டன.

கடைசிக் காம்பரா 1964. இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி நம் சனத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று எத்தனை குடும்பங்கள்! இந்தியாவுக்குப் போனவர்களை ஏற்றிப்போன ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றே நம் சனம் சொன்னது. நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கும் உறவுகளே, இந்தக் காம்பரா உங்களுடையதும்தான். இதில் இன்னும் ஒன்றும் வைக்கவில்லை. ஒரு தகரப்பெட்டியும், இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) நின்று வழியனுப்பும் ஒரு பெண் உருவமும் மட்டும் போதும் என்று நினைக்கிறோம்.

இப்போது அவசரம் கூரைதான். தகரம் துருப்பிடித்து மழை உள்ளே இறங்குகிறது, தூர்கள் உளுத்துவிடும். அடுத்த பருவமழைக்குள் தகரம் மாற்றி, கருங்கல் சுவரின் விரிசல்களைச் சுண்ணாம்புச் சாந்தால் பூச வேண்டும். சிமெந்து வேண்டாம் என்பது எங்கள் உறுதியான முடிவு, பழைய சுவர் பழையபடியே இருக்கட்டும். அதன் பிறகு சிற்பியின் கூலி, மின்விளக்கு. ஒரு தகரத்தின் விலையோ ஒரு நாள் கூலியோ, முடிந்ததைக் கொடுங்கள். கொழுந்தெடுக்கும் அக்காமார் ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் தந்துதான் இந்த வேலை தொடங்கியது.

ஞாயிறு காலைகளில் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பொருளாளர் இருப்பார், கையோடு பற்றுச்சீட்டு தருவார். வரவு செலவு மாதாமாதம் அங்கேயே ஒட்டப்படும்.

பணத்தோடு இன்னொன்றும் கேட்கிறோம். கடல் தாண்டி வந்தவர்களின் கழுத்தில் எண் பொறித்த தகர வில்லையைத் தொங்கவிட்ட காலம் ஒன்று இருந்தது. அதே அளவில் வில்லைகள் வெட்டி, எண்ணுக்குப் பதில் பெயர் பொறித்து, அந்தத் தூர் உருவங்களின் கழுத்தில் கட்டப் போகிறோம். உங்கள் குடும்பத்தில் முதலில் நடந்து வந்தவரின் பெயர் தெரிந்தால் எழுதிக் கொடுங்கள். ஊர்ப்பெயர் மட்டும்தான் தெரியும் என்றால் அதையே பொறிக்கிறோம்.

இப்படிக்கு,
லயன் பாதுகாப்புக் குழு