காளைப் பட்டியல் பார்த்தேன்

அன்புள்ள முருகேசா,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு நீ திட்டியதெல்லாம் நியாயம்தான். இங்கே எல்லோரும் நலம். நம் நண்பன் 'கண்ணாடி'யிடம் உன் கடிதத்தைக் காட்டினேன், "மூட்டை தூக்கினவன்தானே?" என்று கேட்டுவிட்டு அரை மணி நேரம் சிரித்தான். அதை விடு. நீ அனுப்பிய காளைப் பட்டியல்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

பாலில் முதலிடம் என்பதற்காக ஒரே காளையின் விந்துக் குச்சியை (செயற்கைக் கருவூட்டலுக்கான உறைவிந்துக் குழலை) எல்லா மாட்டுக்கும் போடப் போகிறாயாமே! அதன் பெயருக்கு எதிரே இருக்கிற 'ப்ளஸ் 1,000' அதன் மகள்கள் கறந்ததை வைத்துப் போட்ட கணக்கு. அது காளையின் முழு மரபு மதிப்பு என்றால் அதில் பாதிதான் உன் கன்றுக்கு வரும்; சில நாட்டுப் பட்டியலில் ஏற்கெனவே பாதியாக்கித்தான் போட்டிருப்பார்கள். அதுவும், அந்த மகள்கள் தின்ற தீவனமும் நின்ற கொட்டகையும் உன்னிடம் இருந்தால்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். மாட்டின் எடை 550 கிலோ. முற்றிய, நார் மிகுந்த தீவனம் வயிற்றை அடைத்துக்கொள்ளும். உடல் எடையில் 2 சதவீதம், அதாவது தண்ணீரைக் கழித்துவிட்டு 11 கிலோ உலர்பொருளுக்கு மேல் உள்ளே போகாது. கிலோவுக்கு 1.2 மெகா கலோரி சக்தி என்று வைத்தால் மொத்தம் 13 சொச்சம். உடம்பைத் தாங்கவே 9 போய்விடும். மிச்சம் நாலு. 4 சதவீதம் கொழுப்புள்ள பால் ஒரு கிலோவுக்கு 0.74 வேண்டும். ஆக, ஐந்தரை கிலோ பால். மரபணு முப்பது கேட்டால் என்ன, நாற்பது கேட்டால் என்ன?

ஐந்தரையோடு நின்றால்கூடப் பரவாயில்லை. வம்பே அதற்கப்புறம்தான். அதிகம் கறக்கவென்றே தேர்ந்தெடுத்த ரத்தம், வெளியிலிருந்து வராததை உடம்பிலிருந்து உருவி மடிக்கு அனுப்பும். கன்று போட்ட இரண்டு மாதத்தில் இடுப்பெலும்பு துருத்தும், சினைப்பருவம் கண்ணில் படாது, சினை ஊசிக்கு மேல் ஊசி போட்டும் சினை நிற்காது. ஹோல்ஸ்டீன் என்கிற கறுப்பு வெள்ளைக் கறவை இனத்தில் வட அமெரிக்க வகையையும் நியூசிலாந்து வகையையும் மேய்ச்சலில் ஒன்றாக விட்டுப் பார்த்தபோது இதுதான் தெரிந்தது. முன்னது கூடுதலாகக் கறந்தது, ஆனால் இளைத்தது, சினை பிடிக்கத் தகராறு செய்தது. பின்னது உடம்பைக் காத்துக்கொண்டு காலத்தில் சினையானது.

மரபியல் அறிஞர் ஆலன் ராபர்ட்சன் 1959லேயே இதற்கு ஒரு கோடு போட்டார். இரண்டு சூழல்களுக்கு இடையே மரபுத் தொடர்பு (ஒரே மரபு இரண்டு இடத்திலும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு; முழுதாக ஒத்துப்போனால் 1) 0.8க்குக் கீழே இறங்கினால் அதை அலட்சியம் செய்யக் கூடாது; அங்கே முதலாவது இங்கேயும் முதலாவதாக வரும் என்று நம்ப முடியாது. காளைகளின் மதிப்பை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் இன்டர்புல் அமைப்பு ஒரே காளைக்கு நாட்டுக்கு நாடு தனி மதிப்பு தருவதும் இதனால்தான். உன் பட்டியல் எந்த நாட்டு அளவுகோலில் போட்டது என்று பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய்.

பாலின் அளவில் மரபின் பங்கு ஏறக்குறைய 0.3. உடனே கண்ணாடி மாதிரி "பத்து லிட்டரில் மூன்று லிட்டர் மரபணு கொடுத்தது" என்று ஆரம்பிக்காதே. மாட்டுக்கு மாடு இருக்கிற வித்தியாசத்தில் முப்பது சதவீதம் என்றுதான் அதற்கு அர்த்தம். கொழுப்புச் சதவீதத்தில் அது 0.5 அளவுக்கு வரும், அதனால் காளையை மாற்றினால் பலன் சீக்கிரம் தெரியும். சினை பிடிப்பதில் 0.1கூடத் தேறாது. அது பெரும்பாலும் உன் கையில்தான் இருக்கிறது.

அடுத்தது வெயில். 22 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் இருந்தாலே வெப்ப-ஈரப்பதக் குறியீடு 68 ஆகிவிடும். நிறையக் கறக்கிற மாடு அங்கேயே தவிக்க ஆரம்பிக்கும், ஏனென்றால் அது தின்பதும் அதிகம், உள்ளே எரிவதும் அதிகம். விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கு. 60ஐத் தாண்டினால் மாடு திணறுகிறது. மின்விசிறி இல்லாமல் வெறும் பனிப்புகை மாதிரித் தண்ணீர் தெளிக்காதே, ஈரப்பதம் ஏறிக் காரியம் கெடும். தோல் வரை நனைய ஒரு நிமிடம் அடி, பிறகு விசிறியால் உலர்த்து, மறுபடியும் அடி. காளையை வைத்தும் ஒரு வழி உண்டு. வெயில் தாங்கும் செனிபோல் மாட்டினத்திலிருந்து ஹோல்ஸ்டீனுக்கு வந்த குட்டை முடி மரபணு, மாட்டின் உடல் சூட்டைத் தணித்து வைக்கிறது. காளையிடம் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் இப்படி இருந்தால் கன்றுகளில் பாதிக்குத்தான் போகும், கேட்டு வாங்கு.

என்னை உண்மையிலேயே உறுத்துவது உன் வற்றிய மாடுகள். பால் இல்லை என்று அவற்றைத்தானே தகரத்துக்கு அடியில் கட்டியிருக்கிறாய்? ஈனுவதற்கு முந்தைய அந்த 45, 60 நாளில்தான் மடித் திசு புதுப்பிக்கப்படுகிறது. அப்போது சூடு தாக்கினால் அடுத்த கறவை முழுக்கப் பால் குறையும். வயிற்றில் இருக்கிற கிடேரிக் கன்றும் வளர்ந்து குறைவாகத்தான் கறக்கும். அதைப் பார்த்துவிட்டு நீ "காளை சரியில்லை" என்று விற்றுவிடுவாய். நல்ல ரத்தம் கைவிட்டுப் போகும்.

அதனால் குச்சி வாங்குவதற்கு முன் அந்தக் கட்டுத்தறியை மாற்று. உன் கறவை நோட்டைப் படம் பிடித்து அனுப்பு. ஈன்ற தேதி, எத்தனையாவது ஈற்று இரண்டும் தெரியவேண்டும். ஒரே பருவத்தில், அதே ஈற்றில் இருக்கிற மாடுகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். நோட்டே போடவில்லை என்றால் இன்றைக்கே ஆரம்பி, கண்ணாடியிடம் சொல்ல மாட்டேன்.

உன்,
ராசு