நான்கு கட்டங்களும் ஒரு 'பிற'வும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் மனதுக்குப் பிடித்த இசையைப் பற்றி ஒரு படிவம் அச்சிட்டு, நிரப்பி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். கர்நாடக இசை, திரையிசை, நாட்டுப்புற இசை, மேற்கத்திய இசை என்று நான்கு பெரிய கட்டங்கள். அடியில் ஒரு விரல் அகலத்தில் 'பிற'. காலை பத்து மணிக்குப் பேனாவோடு திண்ணையில் உட்கார்ந்தேன். மதியம் சாப்பிடக் கூப்பிட்டபோது நான்கு கட்டமும் காலியாகக் கிடந்தது, 'பிற' மட்டும் நிரம்பி ஓரத்தில் வழிந்துகொண்டிருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான். வெட்டுவதாக இருந்தால் என் புலம்பலை வெட்டுங்கள், பெயர்களை வெட்டாதீர்கள்.

முதல் கட்டத்திலேயே தடுக்கி விழுந்தேன். கர்நாடக இசையில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் முத்துசாமி தீட்சிதரின் நொட்டுஸ்வரங்களும் உண்டு. சுமார் நாற்பது சின்னச் சின்னப் பாட்டுகள், எல்லாம் சங்கராபரண ராகத்தில். சென்னைப் பக்கம் மணலியில் இருந்த காலத்தில் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசித்ததைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். 'சந்ததம் பாஹிமாம்' பாட்டின் மெட்டு இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் தேசிய கீதத்தின் மெட்டேதான். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் அங்கேதான் வயலின் கற்றுக்கொண்டு நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரியை யாராவது யோசித்துப் பார்க்க முடியுமா? அண்ணன் 1835-ல் காலமானது எட்டயபுரத்தில், சமாதியும் அங்கே இருக்கிறது, எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். நான் போயிருக்கிறேன். சரி, இந்தப் பாட்டுகளை எந்தக் கட்டத்தில் எழுதுவது? முதலாவதா, நான்காவதா?

திரையிசைக் கட்டத்திலும் இதே கதை. இளையராஜா பெயரை எழுதப் போனால் கை 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' கேசட்டுக்குத்தான் போகிறது. அது படப்பாட்டே இல்லை. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கை என்று அவர் செய்தது. பாக் என்று ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு அந்தக் கேசட்டால்தான் தெரியும். மேற்கத்திய செவ்வியல் இசை இன்னும் எனக்குச் சரியாக ஏறவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், நூறு பேர் சேர்ந்து வாசித்தால் கல்யாண வீட்டுப் பந்தியில் நிற்பதுபோல் இருக்கிறது. ஆனால் வயலினுக்குப் பெரிய அண்ணன் மாதிரியான செல்லோ என்ற வாத்தியம் தனியாக வாசிக்க பாக் எழுதிய ஆறு தொகுப்புகளைப் பாப்லோ கசால்ஸ் வாசித்துக் கேட்கும்போது அப்படி இல்லை, ஒரு ஆள், ஒரு வாத்தியம், ராத்திரி நேரம், அவ்வளவுதான். கசால்ஸுக்குப் பதின்மூன்று வயதில் பார்சிலோனாவில் ஒரு பழைய கடையில் அந்த இசைத்தாள்கள் கிடைத்தன. அதை முழுசாக ஒலிப்பதிவு செய்ய அவர் 1936 வரை காத்திருந்தார். அதுவரைக்கும் வாசித்து வாசித்துப் பார்த்திருக்கிறார். இந்தப் பொறுமைக்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் என் கேசட் கதைக்கு வருகிறேன். எண்பதுகளில் என் அத்தான், அக்காவின் கணவர், வளைகுடாவில் வேலை பார்த்தார். அப்போது வீட்டில் போன் கிடையாது. கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற ஆள் கையில் கொடுத்துவிடுவார். வீடே சுற்றி உட்கார்ந்து கேட்போம். முதலில் அம்மாவுக்கு நலம் விசாரிப்பு, பிறகு பணம் அனுப்பிய கணக்கு, பிறகு எனக்குப் படிப்பைப் பற்றி ஒரு திட்டு. 'இனி உங்க அக்காகிட்ட கொடு' என்று அவர் சொன்னதும் அக்கா டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். அத்தான் புதுக் கேசட் வாங்குகிற ரகம் இல்லை. அங்கே யாரோ போட்ட பழைய பாட்டுக் கேசட்டின் மேல்தான் பேசி அனுப்புவார். ஒரு கேசட்டில் அவர் பேச்சு முடிந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதும், நடுவிலிருந்து ஒரு பெண் குரல் ஆரம்பிக்கும். கனத்த குரல். பின்னால் வயலின்கள் கூட்டமாக. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவாள், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி, கூட்டம் கத்தும், அவள் மறுபடியும் அதே வரிக்கு வருவாள். நம்மவர்கள் செய்கிற நிரவல்தான் அது என்று அப்போதே எனக்குத் தோன்றியது, ஆனால் அந்த வயதில் என் பேச்சை யார் கேட்பார்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடி கேசட் முடிந்துவிடும்.

அது யார் என்று தெரிய எனக்குப் பல வருடங்கள் ஆனது. மேலப்பாளையத்து நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தபோது சும்மா போட்டேன். இரண்டாவது வரியிலேயே காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, 'வே, இது உம்மு குல்தூம்லா!' என்றார். எகிப்தின் உம்மு குல்தூம். கிராமத்து இமாம் ஒருவரின் மகள், சின்ன வயதில் ஆண்பிள்ளை வேஷம் போட்டு அழைத்துப் போய்ப் பாடவைத்தாராம் அப்பா. பிறகு பல வருடங்கள் மாதத்தின் முதல் வியாழக்கிழமை ராத்திரி கெய்ரோ வானொலியில் அவர் கச்சேரி. அரபு நாடுகள் முழுக்க அதைக் கேட்க வானொலிப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கும். 1975-ல் அவர் இறந்தபோது கெய்ரோ தெருக்களில் கூடிய கூட்டத்தைப் படத்தில் பார்த்திருக்கிறேன், நம் ஊர் ஆட்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. எங்கள் கேசட்டில் இருந்தது 1964-ல் முகமது அப்துல் வஹாப் மெட்டமைத்த 'எந்த உம்ரி'. முழுப் பாட்டு ஒரு மணி நேரத்துக்குப் பக்கம். அதில் பெரும்பகுதியின் மேல்தான் அத்தான் பணக் கணக்கைப் பேசிவைத்திருந்தார்!

இப்போது முழுப் பாட்டும் செல்போனில் கிடைக்கிறது. கேட்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரி வரும்போது அதற்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும் என்று காது காத்திருக்கிறது.

இதோடு சேர்த்து இன்னொரு பெண்மணி. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலில் கிடக்கும் கேப் வெர்டே தீவுகளைச் சேர்ந்த செசாரியா எவோரா. மிந்தெலோ என்ற துறைமுக ஊரில் மதுக்கடைகளில் பாடிக்கொண்டிருந்தவர், ஐம்பது வயதை ஒட்டித்தான் உலகத்துக்குத் தெரிந்தார். மேடையில் செருப்பு போடமாட்டார். அவருடைய 'சொதாதே' பாட்டு, பிழைப்புக்காக சாவோ தோமே தீவுக்குப் போனவர்களை நினைத்து ஏங்குகிற பாட்டு. மொழி ஒரு அட்சரம் புரியாது. ஒரு நாள் அக்கா வந்திருந்தபோது ஓடிக்கொண்டிருந்தது, முழுக்கக் கேட்டுவிட்டு, 'இது யாரோ வெளிநாடு போன பாட்டு மாதிரில்லாடா இருக்கு' என்றாள். நான் அதுவரை அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

கேப் வெர்டேயை ஆண்டது போர்ச்சுக்கீசியர்கள். அவர்கள் இலங்கைக்கும் வந்து போனார்கள், அங்கே விட்டுப்போன தாளக்கட்டிலிருந்து பைலா என்ற ஆட்டப்பாட்டு வந்தது. அந்த பைலாவில் ஊறிய 'சுராங்கனி'யை இலங்கைத் தமிழரான ஏ.இ. மனோகரன் பாட, எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டு மைக்செட்டுகளில் அது ஓடாத நாள் கிடையாது. போர்ச்சுக்கல் தாளம், சிங்களச் சொல், தமிழ்ப் பாடகர், நெல்லைச் சீமைக் கல்யாணம். கட்டம் எது? எங்களுக்கு இலங்கை வானொலி கணீரென்று கேட்கும், சென்னையைவிடக் கொழும்பு பக்கம். கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் அறிவித்த குரலிலேயே பாதிப் பாட்டு மனப்பாடம் ஆனது. அவர்கள் சினிமாப் பாட்டும் போட்டார்கள், பொப் பாட்டும் போட்டார்கள், நாங்கள் எல்லாவற்றையும் பாட்டு என்றுதான் சொன்னோம்.

குரல் என்று பார்த்தால் எனக்கு வழுவழுப்பான குரல் ஆகாது. வீட்டில் இதில் பெரிய சண்டை. கர்நாடகப் பாடகர் எம்.டி. ராமநாதனை முதல்முறை டேப்பில் கேட்டபோது பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து மாற்றிப் போட்டேன், அப்போதும் அதே வேகம், கிணற்றுக்கு அடியிலிருந்து வருகிற அதே குரல். இன்றைக்கு அவர் பாடிய சஹானா ராகம் இல்லாமல் எனக்கு ஒரு வாரம் ஓடாது. இந்துஸ்தானிப் பாடகர் குமார் கந்தர்வா இன்னொருவர். காசநோயில் ஒரு நுரையீரல் போய், பாடக் கூடாது என்று வைத்தியர்கள் சொல்ல, மத்தியப் பிரதேசத்து மால்வா பக்கம் தேவாஸ் ஊரில் சில வருடங்கள் படுக்கையில் கிடந்தவர். அப்போது தெருவில் போகிறவர்களின் மால்வா நாட்டுப்பாட்டுகளைக் கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறார். எழுந்து வந்து கபீரைப் பாடியபோது நீளமாக இழுக்க மூச்சு இல்லை. துண்டு துண்டாக வெட்டிப் பாடினார். அந்த வெட்டுதான் அழகு. நாகூர் ஹனிபா இதற்கு நேர் எதிர், மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் விழாவிலும் 'இறைவனிடம் கையேந்துங்கள்' போட்டு நான் கேட்டிருக்கிறேன், யாரும் கட்டம் பார்க்கவில்லை.

நாட்டுப்புற இசைக் கட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வருத்தம் உண்டு. கணியான் கூத்தை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். சுடலைமாடன் கோயில் கொடையில் ராத்திரி இரண்டு மணிக்கு, உச்சம் ஒன்றும் மந்தம் ஒன்றுமாக இரண்டு மகுடத் தோல்வாத்தியங்கள் பதில் பேசிக்கொள்ளும்போது வயிற்றுக்குள் ஏதோ செய்யும். அதை அரங்கத்தில் இருபது நிமிடம் நிகழ்ச்சியாகவும் ஒரு தடவை பார்த்தேன், வாசித்தவர்கள் நல்ல கலைஞர்கள்தான், ஆனாலும் அந்த இரண்டு மணி இல்லை. பிடித்த 'பாடல்' என்று கேட்டால் இதற்கு என்ன பெயர் எழுதுவது, சாமக்கொடை என்றா?

அடுத்த முறை படிவம் போட்டால் கட்டங்களை எடுத்துவிட்டு, வெறும் கோடுகளாகப் போடுங்கள். ஒவ்வொரு பாட்டையும் யார் வழியாக, எங்கே முதலில் கேட்டீர்கள் என்று கேளுங்கள். வருகிற பதில்கள் படிக்கவும் நன்றாக இருக்கும்.

படிவத்தை மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். 'பிற'வில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதிவிட்டேன். பின்பக்கம் முழுக்க நகைக்கடை விளம்பரமாக இருப்பதால், வளையல்களுக்கு நடுவே உற்றுப் பார்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
பாளையங்கோட்டை