பிக்கப்புக்காகப் பல் குறைக்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கொல்லிமலை, ஏற்காடு, வால்பாறை பக்கம் 100 சி.சி. வண்டியில் சுமை ஏற்றிப் போகிறவர்கள் "பிக்கப் பத்தவில்லை" என்று கடைக்கு வந்தால், முன் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல் சக்கரத்தை) கழற்றிவிட்டு ஒரு பல் குறைந்ததை மாட்டி அனுப்புகிறார்கள். சமவெளியில் இதற்கு நேர்மாறு: மைலேஜ் ஏறும் என்று சொல்லி ஒரு பல் கூட்டுகிறார்கள். இதில் என்ன கிடைக்கும், என்ன போகும் என்பதை வண்டிக்காரரிடம் யாரும் விளக்குவதில்லை.

முன்னால் 14 பல், பின்னால் 42 பல் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். சின்ன ஸ்ப்ராக்கெட் மூன்று சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். முன்னால் 13 போட்டால் விகிதம் 3.23 ஆகிறது. இழுவை 7.7 சதவீதம் கூடும்; ஆனால் டாப் கியரில் 60 கி.மீ. போன அதே இன்ஜின் வேகத்தில் இனி 55.7 கி.மீ.தான் போகும். 15 போட்டால் விகிதம் 2.8, அந்த 60 இப்போது 64 ஆகும், இழுவை 6.7 சதவீதம் குறையும். முன்னால் ஒரு பல் குறைத்ததன் பலனைப் பின்னால் பெற வேண்டுமானால் மூன்று பல் கூட்டி 45 போட வேண்டும். ஒரு பல்தானே என்று இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதே நேரம், இந்த 7.7 சதவீதத்திடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் கூடாது. நான்கு கியர் வண்டியில் ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் நடுவில் கால் பங்குக்கு மேல் இடைவெளி இருக்கும். கொல்லிமலை அடிவாரக் காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியரில்தான் வண்டி ஏறுகிறது என்றால், 13 பல் போட்டாலும் அது இரண்டாவது கியரில்தான் ஏறும். இரண்டாவதில் இழுக்குமா இழுக்காதா என்று விளிம்பில் நின்று திணறும் வண்டிக்குத்தான் இந்த மாற்றம் கை கொடுக்கும். இறக்கத்திலும் ஒரு நன்மை உண்டு. இன்ஜின் பிடிப்பு அதே அளவு கூடுவதால் டிரம் பிரேக் சூடாவது குறையும்.

பல்லில் கை வைக்கும் முன் வேறு கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சட்டென்று நின்றுவிட்டால் பிரேக் ஷூ உரசுகிறது, அல்லது செயின் இறுக்கமாகவோ காய்ந்தோ இருக்கிறது. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், டயரில் காற்று குறைந்திருந்தாலும், கிளட்ச் வழுக்கினாலும் பிக்கப் போகும். கிளட்ச் வழுக்கும் வண்டியில் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. அதற்குப் போய் ஸ்ப்ராக்கெட்டை மாற்றுவது வீண் செலவு.

முன்னால் குறைப்பதா, பின்னால் கூட்டுவதா? முன் ஸ்ப்ராக்கெட் விலை குறைவு, மாற்றுவதும் சுலபம். அதனால்தான் கடைகள் அதையே செய்கின்றன. ஆனால் வட்டம் சிறுத்தால் செயின் இன்னும் கூர்மையாக மடங்கித் திரும்ப வேண்டும். அதே முறுக்குக்குச் செயினில் விழும் இழுப்பும் கூடும். பல் குறையக் குறைய ஓட்டம் சீராக இருக்காது. ஸ்ப்ராக்கெட் சீராகச் சுற்றினாலும் செயினின் வேகம் ஏறி இறங்கும்: 14 பல்லில் இந்த ஏற்றத்தாழ்வு 2.5 சதவீதம், 13-இல் 2.9, 12-இல் 3.4. செயின் சுமார் 2 மி.மீ. உள்ளே வருவதால் ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை) மேலுள்ள ரப்பர் வேகமாகத் தேயும். அது அறுந்துவிட்டால் அடுத்து செயின் இரும்பையே அறுக்கும். 12 பல் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அன்றாடம் மலையில் சுமை ஏற்றும் வண்டிக்குப் பின்னால் 44 பல் போடுவதுதான் நல்லது. கூடுவது 4.8 சதவீதம்தான், ஆனால் செயினுக்குக் கெடுதல் இல்லை. முழுச் செயின் கவர் உள்ள வண்டியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 428 என்ற எண் உள்ள செயினில் 44 பல் வட்டம் 42-ஐ விட ஆரத்தில் 4 மி.மீ. பெரிது, 45 என்றால் 6 மி.மீ. கவரில் அந்த இடைவெளி இல்லாவிட்டால் டர்ரென்று உரசும்.

செயின் எண்ணைப் பாராமல் வாங்குவது இன்னொரு தவறு. 420, 428 இரண்டுக்கும் கண்ணிக்குக் கண்ணி 12.7 மி.மீ.தான். ஆனால் 420-இன் உள் அகலம் 6.35 மி.மீ., 428-க்கு 7.94 மி.மீ. 420-க்கான மெல்லிய ஸ்ப்ராக்கெட்டில் 428 செயின் உட்கார்ந்துவிடும். பக்கவாட்டில் ஆடி ஆடிப் பல்லைத் தின்னும். பல் எண்ணிக்கை சரியாக இருந்தும் ஷாஃப்டின் வரிப்பள்ளங்கள் பொருந்தாத ஸ்ப்ராக்கெட்டுகளும் உண்டு. பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

பழைய செயினில் 20 கண்ணியை இழுத்துப் பிடித்து அளந்தால் 254 மி.மீ. வர வேண்டும். 259 தொட்டிருந்தால் செயினோடு இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து முழு செட்டாக மாற்றுங்கள். நீண்டுபோன செயின் புதுப் பல்லில் சரியாக உட்காராமல் நுனியில் ஏறி ஓடும். சில மாதங்களில் பல் அரிவாள் மாதிரி வளைந்துவிடும்.

மாட்டும்போது கியர் லீவரையும் இடது கவரையும் கழற்றி, முன் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு போல்ட்டையும் எடுக்க வேண்டும். தகட்டைச் சற்றுத் திருப்பினால் பள்ளத்தில் பொருந்தி வெளியே வரும். இந்த போல்ட்டுகள் தளர்ந்தால் ஸ்ப்ராக்கெட் ஷாஃப்டில் உள்ளும் வெளியுமாக ஆடும்; புதிதாக மாட்டியதை 100 கி.மீ. ஓட்டியபின் மறுபடி முறுக்கிப் பாருங்கள். செயின் லாக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும்.

முன்னால் ஒரு பல் மாறினால் பின் ஆக்ஸில் சுமார் 3 மி.மீ. நகரும். 13 போட்டால் பின்னோக்கி. செயினை இறுக்கும் அட்ஜஸ்டர் ஏற்கெனவே கடைசிக் கோட்டில் இருந்தால் இடம் இருக்காது. பின்னால் 44 போட்டால் சுமார் 7 மி.மீ., 45 போட்டால் சுமார் 10 மி.மீ. முன்னோக்கி. இடம் போதாவிட்டால் இரண்டு கண்ணி சேர்க்க வேண்டும். அரைக் கண்ணி போட்டுச் சமாளிக்கக் கூடாது. இரு பக்கக் கோடுகளும் ஒரே எண்ணிக்கையில் நிற்கட்டும். செயின் தளர்ச்சி எவ்வளவு என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் அந்த அளவை வையுங்கள். பலரும் மறப்பது ஒன்று: சக்கரம் நகர்ந்தால் பிரேக் ராடும் நகரும். பெடல் ஆட்டத்தையும் பிரேக் லைட் சுவிட்சையும் சரிசெய்யாமல் வண்டியை வெளியே விடக் கூடாது.

இனி 15 பல்லும் மைலேஜும். காலியான நெடுஞ்சாலையில் ஒரே ஆள், ஒரே சீராக 50-இல் போனால் கொஞ்சம் மிச்சமாகலாம். ஊருக்குள் நின்று நின்று போகிறவருக்கும், இருவராகப் போகிறவருக்கும் டாப் கியர் இழுக்காது. கீழ்க் கியரிலேயே அதிக நேரம் ஓட்டுவார், கிளட்சைப் பாதி பிடிப்பார், ஆக்ஸிலேட்டரைக் கூடுதலாகத் திறப்பார். மிச்சமானது அங்கேயே போய்விடும், கிளட்ச் பிளேட்டும் சீக்கிரம் தேயும். மலைக்குப் போகும் வண்டிக்கு 15 ஆபத்து. இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பு குறைந்து எல்லாப் பாரமும் பிரேக்கில் விழும்.

ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வந்தால் பாதிப்பு இல்லை. கியர்பாக்ஸிலிருந்து அளவு எடுக்கும் வண்டியில் 13 போட்டால் வேகமும் கிலோமீட்டரும் கூடுதலாகக் காட்டும். 15 போட்டால் குறைவாகக் காட்டும். 60 காட்டும்போது வண்டி 64-இல் போய்க்கொண்டிருக்கும். வாரண்டியில் உள்ள வண்டியாக இருந்தால் சர்வீஸ் சென்டரில் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

மெக்கானிக் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பல் மாற்றினால் பில்லில் பழைய எண், புதிய எண், செயின் கண்ணி எண்ணிக்கை மூன்றையும் எழுதிக் கொடுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் இது இருக்காது. அடுத்து அந்த வண்டியில் கை வைப்பவர் பழைய கணக்கை நம்பிச் செயின் செட் வாங்கிவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு டூவீலர் மெக்கானிக்,
சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டம்.