குதிரைக்கு ஒரு காலைத் தூக்கினால் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வணிகப் பக்கத்தில் லோகோக்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை விஷயத்துக்காக. இரண்டாம் முறை, கண்ணில் பட்டது உண்மைதானா என்று பார்ப்பதற்காக. ‘அசையாத லோகோ செத்த லோகோ’ என்று ஒரு வரி. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. 38 வருடம் போர்டு எழுதிச் சாப்பிட்டவன் நான். நான் எழுதியதில் ஒரு எழுத்துகூட அசைந்தது கிடையாது. அப்படியென்றால் இத்தனை வருடமும் நான் பிணம் அலங்கரித்துக்கொண்டிருந்தேன் என்று எடுத்துக்கொள்ளலாமா?

1986-ல் ஒரு லாரி புக்கிங் ஆபீசுக்கு எட்டடிக்கு நாலடி தகர போர்டு எழுதினேன். சின்னம் குதிரை. நாலு காலையும் தரையில் ஊன்றி, லட்சணமாக வரைந்து வைத்தேன். முதலாளி வெற்றிலையை ஒரு கடைவாய்க்கு ஒதுக்கிக்கொண்டு, “என்னடே, குதிரை நின்னுக்கிட்டே தூங்குது. சரக்கு எப்பம் போய்ச் சேரும்?” என்றார். சாயங்காலமே ஒரு முன்னங்காலை அழித்து, மடக்கித் தூக்கினேன். பிடரி மயிரைப் பின்னால் தள்ளினேன். குளம்புக்கு அடியில் காவி பெயிண்டில் நாலு இழுப்பு, புழுதிக்காக. அவ்வளவுதான். மறுநாள் பேசிய கூலிக்கு மேல் இருபது ரூபாய் கொடுத்தார்.

என் மகள் பெங்களூரில் டிசைன் வேலையில் இருக்கிறாள். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு அவள் ஒரு ஆய்வை எடுத்துக் காட்டினாள். சியான், கிருஷ்ணா, எல்டர் என்று மூன்று பேர், 2014-ல் வெளியிட்டது. சிறுவர் பூங்காவில் இருக்குமே சீசா பலகை, அதை லோகோவாக்கி, மட்டமாக ஒன்றும் சாய்வாக ஒன்றும் காட்டியிருக்கிறார்கள். இரண்டுமே அசையாத படம். சாய்ந்த பலகை அசைவதாக மனசே எடுத்துக்கொண்டு அதில் கூடுதலாக ஈடுபடுகிறதாம். எங்கள் புக்கிங் ஆபீஸ் முதலாளிக்கு வெற்றிலைச் சாற்றோடு தெரிந்த சங்கதி! அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு: அந்த அசைவு கம்பெனியின் குணத்தோடு ஒத்துப்போனால்தான் அதன் மேல் நல்ல எண்ணம் வரும். நிஜமாகவே அசையும் லோகோக்களை வைத்துப் பிரேசல், ஹாக்ட்வெட் என்ற இருவர் 2016-ல் செய்த ஆய்வும் இந்தப் பொருத்தத்தைத்தான் பேசுகிறது. தங்கள் கட்டுரையாளர் அசைவை மட்டும் எடுத்துக்கொண்டு பொருத்தத்தை விட்டுவிட்டார்.

நான் அசைவுக்கே விரோதி என்று நினைத்துவிட வேண்டாம். தூர்தர்ஷன் சின்னத்தை மறக்க முடியுமா? (எங்கள் பக்கம் முதலில் எட்டியது இலங்கை ரூபவாஹினிதான். அது வேறு கதை.) தேவாஷிஷ் பட்டாச்சார்யா என்ற அகமதாபாத் டிசைன் மாணவர் வரைந்த இரண்டு வளைவுகள், ரவிசங்கரின் இசைக்கு மெதுவாகச் சுழன்று கண்ணாகக் கூடும். கூடிய பிறகு சும்மா இருக்கும், நிகழ்ச்சி தொடங்கும். வந்த வேலை முடிந்ததும் ஒதுங்கத் தெரிந்த சின்னம் அது.

இன்று அப்படியா? கதாநாயகியின் அப்பா செத்துக் கிடக்கிறார், திரையின் அடியில் ஒரு சோப்பு டப்பா குட்டிக்கரணம் போடுகிறது. கிரிக்கெட்டில் ஸ்கோர் இருக்கும் இடத்தில் ஏதோ ஒன்று வெடித்து நட்சத்திரம் தெறிக்கிறது. தங்களுக்குத் தெரியாததல்ல, கேபிள் டிவி விதிகள் 1994-ல் ஏழாவது விதியைப் பாருங்கள். விளம்பரம் நிகழ்ச்சிக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது. திரையின் கீழ்ப்பகுதியில் நிற்கிற வாசகமோ ஓடுகிற வாசகமோ போடக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். இதைப் பற்றி இரண்டு வருடத்துக்கு முன் தங்களுக்கு எழுதினேன். ஆறு வரியாக வெட்டிப் போட்டீர்கள், விதி எண்ணும் போய்விட்டது. சரி, போகட்டும். பிளக்ஸ் வந்து எங்கள் பிரஷ்ஷைப் பிடுங்கியபோதும் தங்கள் இதழ் அதை வளர்ச்சி என்றுதான் எழுதியது.

போன மாதம் ஒரு ஆஸ்பத்திரி. என் மனைவிக்குச் சர்க்கரை. டோக்கன் 47. சுவரில் பெரிய டிவி. அதன் முக்கால் பங்கில் ஆஸ்பத்திரியின் லோகோ: தாமரை மொட்டு விரியும், நடுவிலிருந்து இதயம் எழும்பும், துடிக்கும், மினுக்கும், திரும்ப மொட்டாகும். டோக்கன் நம்பர் மூலையில், என் கட்டைவிரல் அகலத்துக்கு. ஓரக்கண்ணுக்கு எழுத்து தெரியாது, அசைவு மட்டும் நன்றாகத் தெரியும். அதனால் எத்தனை தடவை நம்பர் பக்கம் பார்வையைக் கொண்டுபோனாலும் தாமரை இழுத்துக்கொண்டு வந்துவிடும். அது பதினோரு முறை விரிந்தது. பார்த்தால் நம்பர் 49. கவுண்டரில் இருந்த பெண், “ஸ்க்ரீனைப் பாக்கலியா சார்?” என்று கேட்டாள். பார்த்தேன் அம்மா, அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்! சாப்பிடாமல் வந்திருந்த என் மனைவி இன்னும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அந்த லோகோவை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவேன். கட்டுரையாளர் கணக்கில் அது வெற்றி. இந்த மாதம் நாங்கள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதை எந்தக் கணக்கில் எழுதுவார்?

இது கிழவன் புலம்பல் என்றால், 2007-ல் லண்டனில் நடந்ததையும் பார்க்கலாம். 2012 ஒலிம்பிக் லோகோவை அறிமுகப்படுத்த ஓடவிட்ட அசைபடத்தின் ஒரு துண்டு, வலிப்பு நோய் உள்ள சிலருக்கு வலிப்பையே வரவழைத்தது. அந்தத் துண்டை இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கடைசியாக ஒன்றே ஒன்று. தங்கள் இதழைப் போனில் திறந்தால் தலைப்பில் இருக்கும் பேனா சுழன்றுகொண்டே இருக்கிறது. தலையங்கம் முடியும் வரை நிற்பதில்லை. தானாக ஓடி ஐந்து நொடிக்கு மேல் படிக்கிற விஷயத்தின் பக்கத்திலேயே அசைகிற எதையும் நிறுத்த வாசகருக்கு ஒரு வழி கொடுக்க வேண்டும் என்று இணையத் தர வழிகாட்டி 2008-லிருந்தே சொல்கிறது. பொத்தான்கூட வேண்டாம், ஒரு சுற்றோடு பேனாவை நிறுத்தச் சொல்லுங்கள். அச்சில் வரும்போது அது சும்மாதானே இருக்கிறது?

இந்தக் கடிதத்தையும் வெட்டுவீர்கள் என்று தெரியும். குதிரையை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போர்டு ஆர்ட்டிஸ்ட் ஒருவர்,
பாளையங்கோட்டை