தள்ளுபடிக்கு முன் கணக்கு

ஆசிரியருக்கு,

சந்தை மந்தமானால் சிறு வியாபாரிகள் முதலில் கை வைப்பது விலையில்தான். கணக்குப் போட்டால் விபரீதம் தெரியும். வாடகை, சம்பளம், வட்டி என மாதம் 30,000 கட்டியாக வேண்டிய கடையில், 100-க்கு விற்கும் பொருளில் வாங்கிய விலை போக 25 நிற்கிறது என்றால், 1,200 உருப்படி விற்றால் கைநஷ்டம் இல்லை. விலையில் 10 தள்ளினால் நிற்பது 15தான். அதே செலவுக்கு 2,000 விற்றாக வேண்டும். மந்தத்தில் அத்தனை பேர் எங்கிருந்து வருவார்கள்?

குறைக்க வேண்டியது, விற்றாலும் விற்காவிட்டாலும் ஓடும் செலவை. 90 நாளாக அசையாத சரக்கை மட்டும் தள்ளுபடியில் கழிக்கலாம். கொள்முதலைக் கொஞ்சமாக, அடிக்கடி எடுக்கலாம். மொத்தமாக வாங்கிய சலுகை பெரும்பாலும் அலமாரியில்தான் தூங்குகிறது. வரவேண்டிய பாக்கியை வாரம் ஒருமுறை எழுதிப் பாருங்கள்: ஏட்டில் லாபம் காட்டும் கடையும் ரொக்கம் இல்லாமல் முடங்கும். எந்திரப் பராமரிப்பை மட்டும் ஒத்திப்போடாதீர்கள்.

– ஒரு கணக்கர்