டே பாலத்துப் பேய் ரயில்

அன்புள்ள கண்ணுக்கு,

உன் அறைத்தோழி சொன்ன பேய் ரயில் கதையை அம்மாவிடம் சொல்லிவிடாதே, அடுத்த கூரியரிலேயே ஸ்காட்லாந்தில் நீ இருக்கிற டண்டீக்குத் திருநீறு வந்துவிடும். வருஷா வருஷம் டிசம்பர் 28 ராத்திரி, டே ஆற்றில் பழைய பாலம் நின்ற இடத்தில் விளக்கெல்லாம் எரிய ஒரு ரயில் வந்து பாதியில் மறைந்துவிடும் என்பது அங்கே ரொம்ப நாளாகப் புழங்குகிற கதைதான். எனக்குப் பேய்பயம் இல்லை. ஆனால் இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியிலேயே காலம் கழித்தவன், அந்தப் பாலத்தில் எனக்கு வயிற்றைக் கலக்குவது வேறு.

1879 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி ஏழேகால் மணி வாக்கில், பெரும்புயல். நடுவில் உயரமாக இருந்த 13 கர்டர்களும், அதாவது தண்டவாளத்தைத் தாங்குகிற இரும்பு உத்தரங்களும், ரயிலோடு ஆற்றில் விழுந்தன, ஒருத்தர்கூடப் பிழைக்கவில்லை. திறந்து ரெண்டு வருஷம்கூட ஆகாத பாலம். அந்தக் கோடையில்தான் விக்டோரியா ராணி அதில் போய்வந்து, வடிவமைத்த தாமஸ் பௌச்சுக்கு சர் பட்டம் கொடுத்திருந்தார்.

தூண்களைத் தென்கரையில், வொர்மிட்டில் ஃபவுண்டரி போட்டு வார்த்தார்கள். வார்ப்பில் காற்று மாட்டி ஓட்டை விழுவது சகஜம், ப்ளோ ஹோல் என்போம், பெரிதாக இருந்தால் உருப்படியை உடைத்து மறுபடி உருக்க வேண்டியதுதான். அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? தேன்மெழுகு, ஃபிடில் வில்லுக்குத் தேய்க்கிற ரோசின், இரும்புத்தூள், விளக்குக்கரி எல்லாம் கலந்து உருக்கி ஓட்டையில் அடைத்துத் தேய்த்துவிட்டார்கள், பார்த்தால் நல்ல இரும்பு மாதிரியே இருக்கும். அதற்கு 'போமாண்ட் எக்' என்று பெயர் வேறு! மெழுகால்தான் பாலம் விழுந்தது என்று சொல்ல மாட்டேன். பௌச் காற்றின் அழுத்தத்தைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை, குறுக்குக் கம்பிகளைப் பிடிக்கத் தூணோடு வார்த்திருந்த காதுகளுக்கும் பலம் போதவில்லை. ஆனால் ஓட்டையை மெழுகால் மறைக்கிற பட்டறையில் அந்தக் காதுகளை மட்டும் யார் ஒழுங்காகப் பார்த்திருப்பார்கள், சொல்லு.

பேய்க் கதைகளில் எனக்குப் பிடித்தது இன்ஜின் கதை. விழுந்த ரயிலின் இன்ஜினை ஆற்றிலிருந்து தூக்கி, சரிபண்ணி, மறுபடி ஓட்டினார்கள், 1919 வரை ஓடியது. ரயில்வே ஆட்கள் வைத்த பெயர் 'டைவர்', அதாவது முக்குளிப்பான். புதுப்பாலத்தில் அதைக் கொண்டுபோக டிரைவர்கள் ரொம்ப நாள் மறுத்தார்களாம். நானாக இருந்தாலும் மறுத்திருப்பேன்.

நீ எடின்பரோ போகிற பாலம் 1887இல் திறந்தது, பழசுக்குப் பக்கத்திலேயே. விழாமல் நின்ற பழைய கர்டர்களில் பலவற்றை இதிலும் போட்டிருக்கிறார்கள், பயப்படாதே, அவை நல்ல உருப்படிகள், தூண்கள்தான் அடியோடு புதுசு. அடுத்த தடவை டண்டீயிலிருந்து கிளம்பும்போது இடதுபக்க ஜன்னலில் உட்கார், பழைய தூண்களின் அடிக்கட்டைகள் தண்ணீரில் வரிசையாக நிற்கும். பகலிலேயே போ, டிசம்பரில் அங்கே நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடும், எனக்குத் தெளிவான போட்டோ வேண்டும்.

அப்பா