பழையது ஆயிரம், புதியது ஐந்நூறு

பேராவூரணி,
5.8.2025

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி முன்பைவிடக் குறைவு. முந்தாநாள் ஆடிப்பெருக்கு. இந்த ஆண்டு நம் கடைமடை வாய்க்காலுக்கும் தண்ணீர் வந்துவிட்டதால், குழாயடியில் வைத்துக் கும்பிடாமல் வாய்க்கால் கரையிலேயே காப்பரிசி வைத்துக் கும்பிட்டாள். உனக்கும் ஒரு மஞ்சள் கயிறு எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

போன வாரம் தொலைபேசியில் நீ இரண்டு விஷயம் சொன்னாய். வேலைக்குப் போகிறேன், வருகிறேன், படுக்கிறேன், இதெல்லாம் எதற்காக என்றே தெரியவில்லை என்றாய். இன்னொன்றைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்ததாகவும், மருந்து, சாப்பாடு எல்லாம் கைபேசியில் சொல்லி வாசலுக்கே வந்துவிட்டதாகவும், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் சமாளித்துவிட்டதாகவும் சொன்னாய். அம்மா முதலாவதைக் கேட்டு அழுதாள். எனக்கு இரண்டாவதுதான் இன்னும் நெஞ்சை அறுத்துக்கொண்டிருக்கிறது. அதை நீ ஒரு சாமர்த்தியம்போலச் சொன்னாய்.

அன்றைக்கே பதில் சொல்ல நினைத்தேன். நமக்கு மாலை ஆறு என்றால் மெல்போர்னில் உனக்கு இரவு பத்தரை. நீ கொட்டாவி விடுவது கேட்டது. எனக்கும் போனில் பேச்சு கோர்வையாக வராது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை கீரமங்கலம் பக்கம் ஒரு மொய் விருந்துக்குப் போயிருந்தேன். ஆடி பிறந்துவிட்டால் நம் வட்டாரம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் என்று எங்கே பார்த்தாலும் பந்தலும் ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனையும்தான். ஒரே பந்தலில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து விருந்து வைத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனி மேசை, தனி நோட்டு, பணம் போட ஓர் அண்டா. இப்போது சில இடங்களில் கணினியில் ஏற்றி ரசீதும் கொடுக்கிறார்கள். நான் போன இடத்தில் இன்னும் கையெழுத்துத்தான். ஊரைச் சொன்னேன், பெயரைச் சொன்னேன், "பழையது ஆயிரம், புதியது ஐந்நூறு" என்றேன். எழுதினார்.

இந்தப் பழையது, புதியது கணக்கைச் சின்ன வயதில் நீ என்னிடம் கேட்டிருக்கிறாய். வாங்கியது ஆயிரம் என்றால் ஆயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதானே, எதற்கு மேலே ஐந்நூறு என்று. நான் அன்றைக்கு அவசரத்தில் "அதுதான் வழக்கம்" என்று சொல்லிவிட்டேன். சரியான பதில் இதுதான்: வாங்கியதை மட்டும் ஒருவர் திருப்பி எழுதினால், "உன் கணக்கை முடித்துக்கொள்கிறேன்" என்று பொருள். சண்டை போட வேண்டாம், வாய்விட்டு ஒரு சொல் சொல்ல வேண்டாம். ஆயிரத்துக்கு ஆயிரம் வைத்தாலே போதும், இருவருக்கும் புரிந்துவிடும். உறவு வேண்டும் என்றால் மேலே கொஞ்சம் வைப்போம். இப்போது அவர் நமக்குக் கடன். ஐந்தாறு வருடத்தில் அவர் அதைத் திருப்பி, மேலே கொஞ்சம் வைப்பார். மறுபடி நாம் கடன். நம் தாத்தா காலத்து நோட்டிலிருந்து இன்றைய நோட்டு வரைக்கும் ஒரு கணக்குக்கூட நேரானதில்லை.

மொய்யில் எல்லாம் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். வட்டிக்கு வாங்கி மொய் எழுதிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வந்த பணத்தைச் செலவழித்துவிட்டுத் திருப்ப முடியாமல் நிலத்தை விற்றவர்களும் உண்டு. சிலர் இதை முழு வியாபாரமாகவே ஆக்கிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் நான் உன்னிடம் சொல்ல நினைப்பது பணத்தைப் பற்றி இல்லை.

இளநீர்த் தாத்தாவை உனக்கு நினைவிருக்கும். நம் தோப்பில் காய் பறிக்க வருவாரே, அவர்தான். நீ பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் பார்த்து ஓர் இளநீரைச் சீவி வைத்திருப்பார். குடித்து முடித்ததும் மட்டையில் ஒரு சில்லு வெட்டி, வழுக்கையை வழித்துக் கையில் கொடுப்பார். 1983இல் உன் தாத்தா தென்னை வைத்தபோது, நாலு ஏக்கருக்கும் 280 குழியை மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் என்று வெட்டியவர் அவர்தான். கறையானுக்கு ஒவ்வொரு குழியிலும் உப்புப் போட்டதும் அவர் கைதான். கலியாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளை குட்டி இல்லை. தோப்பு ஓரத்தில் ஒற்றை அறை.

பழைய மொய் நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். 1984இல் உன் அத்தை கலியாணத்தில் அவர் பெயருக்கு நேரே 11 ரூபாய். 1998இல் உன் காதுகுத்தில் 51 ரூபாய். அப்போது அவருக்கு ஒரு நாள் கூலி அவ்வளவுதான் இருக்கும். நம் வீட்டில் மட்டுமில்லை, ஊரில் எந்த வீட்டு விசேஷத்திலும் அவர் மொய் வைக்காமல் சாப்பிட உட்கார மாட்டார். அவர் வீட்டிலோ ஒரு விசேஷமும் நடக்கப்போவதில்லை. திரும்பி வராது என்று தெரிந்தே நாற்பது வருடம் எழுதிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அவரிடம் கேட்டேவிட்டேன். "சித்தப்பா, உங்களுக்கு யாரும் திருப்பிச் செய்ய வழியே இல்லையே, எதற்காக எழுதுகிறீர்கள்?" தளைக்கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "உங்கள் வீட்டு நோட்டில் என் பெயர் இருக்கிறதல்லவா? ராத்திரி படுக்கும்போது அதை நினைத்துக்கொள்வேன்."

அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

பிறகு கஜா புயல் வந்தது. 2018 நவம்பர் 16, விடிந்தால் வெள்ளிக்கிழமை. நீ அப்போது கோயம்புத்தூரில் இருந்தாய். வழியெல்லாம் மரம் கிடந்ததால் மூன்று நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தாய். அந்த இரவு முழுக்க நாங்கள் இருவரும் கதவுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தோம். மரம் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது. முதலில் எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். விடிந்து பார்த்தால் 280இல் நின்றது 31. தோப்புக்கு அப்பால் இருந்த கோயில் வீட்டு வாசலிலிருந்து தெரிந்தது. முப்பத்தைந்து வருடமாக அது தெரிந்ததே இல்லை.

நீ என்னிடம் கேட்ட அதே கேள்வியை அன்றைக்கு நானும் கேட்டேன் தம்பி. இதெல்லாம் எதற்காக என்று. திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. அம்மா வைத்த கஞ்சி ஆறிக் கிடந்தது.

இளநீர்த் தாத்தாதான் முதலில் வந்தார். அப்போது அவருக்கு எழுபதுக்கு மேல். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு தோப்புக்குள் போனார். விழுந்து கிடந்த மரங்களை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டார். "இது கிணற்றடி மரம், குலை பெரிது, காய் சின்னது. இது மூன்றாவது வரிசை, வண்டு விழுந்து பிழைத்த மரம், நீதான் மருந்து வைத்தாய்." எனக்குத் தோப்பு ஒரு மொத்தமாகத்தான் தெரிந்திருந்தது. அவருக்கு ஒவ்வொரு மரமும் தனித்தனி ஆள். அவர் சொல்லச் சொல்ல நான் அழுதேன். அதுவரைக்கும் அழவில்லை. மத்தியானம் திரும்பி வந்து அந்தக் கஞ்சியைக் குடித்தேன்.

மாட்டுக் கொட்டகை மேல் கிடந்த மரத்தை அறுக்கப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. மின்சாரம் திரும்பி வர முப்பத்து நான்கு நாளாயிற்று. கம்பம் நட வெளிமாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் மின் ஊழியர்கள் வந்திருந்தார்கள். நம் தெருவுக்கு வந்த குழுவில் ஒரு பையன், உன் வயதுதான், அம்மாவிடம் "வெள்ளம்" என்று கேட்டான். அம்மா பதறிப்போய் ஏரிப் பக்கம் பார்த்தாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையைக் குவித்துக் குடிப்பதுபோலக் காட்டினான். அவர்கள் மொழியில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயராம். அந்த ஆகஸ்டில்தான் அவர்கள் ஊர் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. நீ நண்பர்களோடு கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் போர்வை கொண்டுபோனாயே, அதே வெள்ளம்தான். மூன்று மாதத்தில் அந்த ஊர்க்காரர்கள் நம் வாசலில் கம்பம் ஏறிக்கொண்டிருந்தார்கள். உன் போர்வைக்கும் அந்தப் பையனுக்கும் எந்த நோட்டிலும் கணக்கு இல்லை. ஆனால் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கும்போது, எனக்கு என்னவோ பழையது, புதியது என்றுதான் தோன்றியது.

விழுந்த மரத்துக்கு 1,100 ரூபாய் வீதம் நிவாரணம் வந்தது. மரத்தைச் சூளைக்காரர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக் கன்றுகளை வாங்கி வைத்தேன். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வயதில் நெட்டைத் தென்னை வைக்கிறாயே, எப்போது காய்த்து எப்போது பறிக்கப் போகிறாய் என்று சிலர் கேட்டார்கள். முதல் குழியை வெட்ட இளநீர்த் தாத்தா மண்வெட்டியோடு வந்து நின்றார். அவர் கேட்கவில்லை.

2022இல் அவர் போய்ச் சேர்ந்தார். நீ அப்போதுதான் மெல்போர்ன் போயிருந்தாய், போனில் சொன்னேன். நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பதினாறாம் நாள் கருமாதியை ஊரே சேர்ந்து செய்தோம். சாப்பாடு முடிந்ததும் பெரியவர் ஒருவர் ஒரு புது நோட்டை மேசையில் வைத்து, மேலே அவர் பெயரை எழுதினார். அவர் பெயரில் திறந்த முதல் நோட்டு அதுதான். வீட்டுக்கு வீடு பழைய நோட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். உன் காதுகுத்துக்கு அவர் வைத்த 51 ரூபாயை நான் திருப்பி, மேலே 500 வைத்தேன். செலவு போக மிச்சப் பணத்தில் அவர் உட்காரும் புளியமரத்தடியில் ஒரு சிமெண்டுத் திண்ணை கட்டினோம். நோட்டை மட்டும் யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மரப்பெட்டியில், நம் நோட்டுகளோடு இருக்கிறது.

அந்த நோட்டில் உள்ளவர்கள் வீட்டில் விசேஷம் என்றால், என் மொய்யோடு அவர் மொய்யையும் எழுதிவிட்டு வருகிறேன். வெள்ளிக்கிழமையும் எழுதினேன். அவர் பெயரைச் சொல்லி இருநூறு ரூபாய் நீட்டியபோது, எழுதுகிற பையன் நிமிர்ந்து பார்த்தான். "இறந்தவர் பெயரிலா?" என்றான். விருந்து வைத்தவர் பக்கத்தில்தான் நின்றார். "எழுது" என்றார்.

தம்பி, நீ கேட்ட பெரிய கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அந்தப் புயலன்று எனக்கு அது போன வழி மட்டும் தெரியும். உன் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வயதானவர் இரவெல்லாம் இருமுவது கேட்கிறது என்று சொன்னாய். மூன்று வருடமாக அவர் பெயர் தெரியாது என்றும் சொன்னாய். நீ காய்ச்சலில் கிடந்தபோது உன் இருமலை அவரும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருப்பார். அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

அவரிடம் போ. உதவி செய்யப் போகிறேன் என்று போகாதே. கொடுக்கப் போனால் மனிதர்கள் கூசுவார்கள். கேட்கப் போ. ஒரு வெங்காயம் கேள், திருப்புளி கேள், பக்கத்தில் நல்ல மருத்துவர் யார் என்று கேள். உனக்குக் கொடுக்க அவரிடம் ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரியட்டும். தொந்தரவு என்று நினைக்காதே. திருப்பித் தரும்போது மேலே கொஞ்சம் வை. உன் அம்மா பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை ஒருநாளும் வெறுமனே திருப்பி அனுப்பியதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் நாலு கருவேப்பிலைக் கொத்தாவது அதில் இருக்கும். அதைப் பார்த்துத்தானே வளர்ந்தாய்.

தோப்புச் செய்தி ஒன்று. இளநீர்த் தாத்தா வெட்டிய அந்த முதல் குழியின் மரம் இந்த ஆடியில் பாளை விட்டிருக்கிறது. குரும்பை நிறையக் கொட்டிவிட்டது. முதல் பாளை அப்படித்தான் கொட்டும். இன்று காலை எண்ணினேன், ஒன்பது நிற்கிறது. காய் முற்ற ஒரு வருடம் ஆகும். அதற்குள் வந்துவிடு.

பெட்டியைத் திறந்தபோது இந்த வருட நோட்டில் ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன். ஊர் என்ற இடத்தில் மெல்போர்ன் என்று எழுதிவிட்டேன். பெயர் என்ற இடம் காலி. கேட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா